கலங்கல் எங்கே வந்துவிட்டது? கணினியின் விடையை எவ்வளவு நம்பலாம்

மலையில் நல்ல மழை விழுந்தால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிடும். திற்பரப்பு அருவியில் குளித்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பழுப்பேறிக் கொட்டும். அந்தக் கலங்கல் ஒரு கால்வாய்க்குள் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தெளிந்த நீர், பின்னால் கலங்கல், நடுவில் ஓர் எல்லை. அந்த எல்லை கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும்?

கணினியில் கணக்குப் போட்டால் ஒரு விடை வரும். ஆனால் அது தோராயமான விடை. அப்படியானால் அடுத்த கேள்வி: சரியான விடை நம் கையில் இல்லாதபோது, இந்தத் தோராய விடை எவ்வளவு தவறியிருக்கும் என்று சொல்ல முடியுமா? முடியும். "பிழை இதற்கு மேல் போகாது" என்று கணிதம் எழுதித் தரும் உறுதிக்குத்தான் பிழை மதிப்பீடு என்று பெயர். விடையே தெரியாத கணக்கில் பிழைக்கு மட்டும் வரப்பு கட்டுவது நடக்காத காரியம் போலத் தோன்றும். அது நடக்கிறது என்பதால்தான் இந்தப் பகுதி எனக்கு அவ்வளவு பிடிக்கும். கொஞ்சம் பொறுமையாக வந்தால் பள்ளிக் கணக்கு தெரிந்த யாருக்கும் இதன் சாரம் பிடிபடும்.

தொட்டிப்பாலத்தில் ஒரு கணக்கு

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருக்கிறீர்களா? பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுபோகும் நீண்ட தொட்டி. 1966ல் கட்டி முடித்தது. நடுவில் மடை கிடையாது, ஓடை வந்து சேர்வதும் கிடையாது. இந்தத் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் இருக்கும் தண்ணீர் கூடினால், இந்தப் பக்கம் உள்ளே வந்தது அந்தப் பக்கம் வெளியே போனதைவிட அதிகம் என்று பொருள். குறைந்தால் நேர்மாறு. வேறு வழியே இல்லை. வந்ததில் போனதைக் கழித்தால் மிச்சம்: அழிவின்மை விதி என்பது இவ்வளவுதான். தண்ணீருக்குப் பதில் கலங்கல், ரோட்டில் ஓடும் வண்டிகள், காற்றின் நிறை என்று எதை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இதில் ஒரு வகைக்கு அதிபரவளைய விதி, அதாவது ஹைபர்போலிக் விதி, என்று பெயர். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓர் இடத்தில் நடந்தது இன்னோர் இடத்துக்குத் தெரிய நேரம் பிடிக்கும், செய்தி ஒரு வேகத்தில்தான் பயணம் செய்யும் என்பதே அதன் குணம். சூடான இரும்புக் கம்பியில் வெப்பம் பரவும்போது கூர்மையான வேறுபாடுகள் எல்லாம் மழுங்கிவிடும். இங்கே அப்படி இல்லை. எல்லை கூர்மையாக இருந்தால் கூர்மையாகவே நகர முடியும். இன்னும் சில சமயம், வழவழப்பாக ஆரம்பித்த அலைகூட போகப்போகச் செங்குத்தாகி உடையும். கணினிக்குத் தொல்லை கொடுப்பது இந்தக் கூர்மைதான்.

கணினி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கால்வாயை 20 மீட்டர் பெட்டிகளாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஓர் எண்: அந்தப் பெட்டியில் சராசரியாக எவ்வளவு கலங்கல். முழுக் கலங்கல் என்றால் 1, தெளிந்த நீர் என்றால் 0. தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடட்டும். தரை உறிஞ்சுவது, கரை உராய்வது எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். நேரத்தையும் 10 நொடித் துண்டுகளாக வெட்டுவோம். ஒரு துண்டைக் கடப்பதை ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, என்போம். ஒரு துண்டில் தண்ணீர் 10 மீட்டர் நகரும், அதாவது அரைப் பெட்டி. ஒரே எட்டில் ஒரு பெட்டிக்கு மேல் தாண்டக் கூடாது என்பது கூரண்ட், ஃபிரெட்ரிக்ஸ், லூவி மூவரும் 1928ல் சொன்ன நிபந்தனை. தாண்டினால் பக்கத்துப் பெட்டியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் கணினிக்கு அதற்கும் அப்பாலிருந்து வர வேண்டிய செய்தி கிடைக்காது. எண்கள் வெடித்துச் சிதறும்.

அரைப் பெட்டி நகர்கிறது என்றால் பெட்டியின் புதிய எண் என்ன? பாதி தன்னுடைய பழைய எண், பாதி மேல்பக்கத்துப் பெட்டியின் பழைய எண். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு மேல்பக்கம் எல்லாம் 1, கீழ்பக்கம் எல்லாம் 0 என்று ஆரம்பித்து நாலு எட்டு போட்டுப் பாருங்கள். எல்லைக்குக் கீழே இருக்கும் முதல் நாலு பெட்டிகளில் 15/16, 11/16, 5/16, 1/16 என்று வரும். உண்மையில் என்ன இருக்க வேண்டும்? நாலு எட்டில் எல்லை இரண்டு பெட்டி நகர்ந்திருக்கும். அதனால் 1, 1, 0, 0. கூர்மையான எல்லை கணினியில் பூசி மெழுகியது போல ஆகிவிட்டது.

தவறு எங்கே நுழைந்தது? முதல் எட்டிலேயே. பெட்டியின் மேல் பாதியில் கலங்கல், கீழ் பாதியில் தெளிவு என்ற விவரம் கணினியிடம் இல்லை. "சராசரி அரை" என்ற ஒரே எண்தான் இருக்கிறது. அடுத்த எட்டில் அந்த அரைக் கலங்கலைப் பெட்டி முழுக்கப் பரவியதாக நினைத்துக்கொண்டு கீழே அனுப்புகிறது.

எந்த முழக்கோலால் அளப்பது?

பிழை என்று சொல்லிவிட்டோம். அதை எப்படி அளப்பது? ஒவ்வொரு பெட்டியிலும் வித்தியாசத்தைப் பார்த்து, அதில் ஆகப் பெரியதை எடுப்பது ஒரு வழி. இந்த வகைக் கணக்குக்கு அது உதவாத முழக்கோல். எல்லையின் இடம் ஒரு சாண் தவறினாலும், அந்த ஒரு சாணுக்குள் நிற்கும் புள்ளியில் இருக்க வேண்டியது 1, இருப்பது 0. பெட்டியை எவ்வளவு பொடியாக்கினாலும் இந்தப் பிழை குறையாது. கணினி மேலும் மேலும் நல்ல விடை தந்துகொண்டிருக்கும். முழக்கோல் மட்டும் "தேறவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதனால் பரப்பை அளக்கிறோம். எங்கே எவ்வளவு குறைகிறது, எங்கே எவ்வளவு மிகுகிறது என்று எல்லாப் பெட்டிகளிலும் கூட்டுவது. மேலே உள்ள கணக்கில் 1/16, 5/16, 5/16, 1/16. மொத்தம் 12/16, அதாவது முக்கால் பெட்டி. எதை எண்ணுகிறோமோ அது தப்பான இடத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பதை இந்த அளவு நேராகச் சொல்கிறது. அழிவின்மை விதிக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எட்டுகள் கூடக்கூட இந்தப் பிழை எப்படி வளர்கிறது? இங்கே ஓர் அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. பாதி நிற்கிறது, பாதி போகிறது என்பதை வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள்: ஒவ்வொரு கலங்கல் துளியும் ஒவ்வொரு எட்டிலும் காசு சுண்டுகிறது. தலை விழுந்தால் அடுத்த பெட்டிக்குப் போகும், பூ விழுந்தால் அங்கேயே நிற்கும். நூறு தடவை சுண்டினால் சராசரியாக ஐம்பது தலை விழும். ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக ஐம்பது என்று விழாது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஐந்தாறு தள்ளிப்போகும். அந்தத் தள்ளல் சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல வளரும் என்பது நிகழ்தகவின் பழைய பாடம். நாலு எட்டில் நமக்கு வந்த 1, 4, 6, 4, 1 என்ற பாஸ்கல் முக்கோண எண்கள் அதன் தடயம்.

1000 நொடிக்குப் பிறகு, 20 மீட்டர் பெட்டியில் 100 எட்டுகள் முடிந்திருக்கும். எல்லை 1000 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பரப்புப் பிழை கிட்டத்தட்ட 4 பெட்டி. 20 ஆல் பெருக்கினால் 80 மீட்டர். இப்போது பெட்டியை 5 மீட்டராகச் சுருக்குவோம். எட்டும் இரண்டரை நொடியாகச் சுருங்கும், 400 எட்டுகள் வேண்டும். பிழை கிட்டத்தட்ட 8 பெட்டி. 5 ஆல் பெருக்கினால் 40 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெட்டியை நாலில் ஒரு பங்காக்கினோம், பிழை பாதிதான் குறைந்தது. வேலையோ 16 மடங்கு கூடியது, ஏனென்றால் பெட்டிகள் 4 மடங்கு, எட்டுகளும் 4 மடங்கு. பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமானால் பெட்டியை நூறில் ஒரு பங்காக்க வேண்டும். வேலை 10,000 மடங்கு. பிழை பெட்டி அகலத்தின் வர்க்கமூலத்தோடு குறைகிறது என்று புத்தகங்களில் ஒற்றை வரியில் போட்டிருப்பதன் விலை இது.

கேட் மூடிய ரோட்டில்

எல்லாக் கூர்மையும் இப்படி மழுங்குவதில்லை. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பின்னால் வரிசை நீள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளும் அழிவதில்லை, முளைப்பதில்லை. அதனால் ரோட்டுக்கும் அழிவின்மை விதி எழுதலாம். லைட்ஹில், விதாம் இருவரும் 1955லும் ரிச்சர்ட்ஸ் 1956லும் அதைத்தான் செய்தார்கள். நெரிசல் கூடினால் வேகம் நேர்கோட்டில் குறையும் என்ற கிரீன்ஷீல்ட்ஸின் எளிய விதியை எடுப்போம். காலி ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டர், முட்டி நின்றால் கிலோமீட்டருக்கு 120 வண்டி. இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். கிலோமீட்டருக்கு 30 வண்டி என்ற நெரிசலில் வந்துகொண்டிருந்தால் வேகம் 45. மணிக்கு 1350 வண்டிகள் வருகின்றன. கேட்டருகே ஓட்டம் பூஜ்யம். வரிசையின் வால் எந்த வேகத்தில் பின்னால் நகரும்? ஓட்டத்தின் வித்தியாசத்தை நெரிசலின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 1350ஐ 90ஆல். மணிக்கு 15 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 250 மீட்டர். கேட் ஆறு நிமிடம் மூடியிருந்தால் வால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் போய்விடும்.

இந்த வால்தான் அதிர்ச்சி அலை. கலங்கல் எல்லைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கலங்கலில் இரு பக்கமும் ஒரே வேகம், அதனால் கணினி ஒருமுறை பூசிவிட்டால் பூசினது பூசினதுதான். இங்கே பின்னால் வருபவர்கள் வந்து முட்டிக்கொண்டே இருக்கிறார்கள், முன்னால் நிற்பவர்கள் அசையவில்லை. கணினி எல்லையைப் பூசப்பூச, ரோடு அதை மறுபடி நெருக்கிக் கூர்மையாக்குகிறது. பூச்சு ஒருசில பெட்டிகளோடு நின்றுவிடும். எத்தனை எட்டு போனாலும் அதற்கு மேல் அகலாது. அதனால் இங்கே பரப்புப் பிழை பெட்டி அகலத்தோடு நேராகவே குறையும்: பெட்டி பாதியானால் பிழையும் பாதி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் அதிர்ச்சி அலை எளிது, சாதுவாக மிதந்து போகும் கலங்கல்தான் கடினம். முதலில் இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, காசு சுண்டும் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வந்தது.

கேட்டைத் திறப்போம். பின்னால் முட்டி நிற்கும் வரிசை, முன்னால் காலி ரோடு. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அழிவின்மை விதியை மட்டும் கேட்டால் இன்னொரு விடையும் சரி என்று சொல்லும்: வரிசை அப்படியே நிற்கும், என்றென்றைக்கும். முட்டி நிற்கும் இடத்தில் ஓட்டம் பூஜ்யம், காலி ரோட்டிலும் ஓட்டம் பூஜ்யம். வந்ததும் இல்லை, போனதும் இல்லை, கணக்கு நேராகிவிட்டது! இப்படிப்பட்ட கணக்குகளைக் கணினியில் போட பிலிப் ரோ 1981ல் தந்த முறை இன்றும் பெரிதும் பயன்படுகிற நல்ல முறை. ஆனாலும் திருத்தம் சேர்க்காமல் ஓட்டினால் அது இந்தத் தேங்கிய வரிசையையே விடையாகத் தரும். பெட்டியைப் பொடியாக்கினாலும் அது அசையாது. இப்படிப்பட்ட போலி விடைகளைக் களைய என்ட்ரோபி நிபந்தனை என்று ஒன்று வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவேற்றும் விடை ஒன்றே ஒன்றுதான் என்று குருஷ்கோவ் 1970ல் நிறுவினார்.

அவர் நிறுவியதில் பிழைக்கணக்குக்கு உயிராக அமைந்தது இன்னொன்று. இரண்டு ஆரம்ப நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பரப்பு வித்தியாசம் நேரம் போகப்போகக் கூடவே கூடாது. குறையலாம், அப்படியே இருக்கலாம். காலையில் அளவெடுத்தபோது கொஞ்சம் தவறிவிட்டால், அந்தத் தவறு மாலைக்குள் ஊதிப் பெருகாது. ஆக, கணினி ஒவ்வோர் எட்டிலும் புதிதாகச் செய்யும் தவறுகளைக் கூட்டினால் மட்டும் போதும், அவை குட்டி போடுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் நேராகக் கூட்டினாலும் காரியம் ஆகாது. கூர்மையான எல்லையில் ஓர் எட்டுக்கு ஒரு பெட்டியின் ஏதோ ஒரு பங்கு பிழை. பெட்டியைப் பாதியாக்கினால் எட்டுகள் இரட்டிக்கும். பெருக்கினால் குறைவே இல்லை. இந்த முட்டுச்சந்திலிருந்து 1976ல் குஸ்நெட்சோவ் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. அதன் கரு இது: கூர்மையான விடையை நாமே வேண்டுமென்று கொஞ்சம் மழுக்கிக்கொள்வோம். மழுக்கிய அகலம் எவ்வளவோ, அவ்வளவு பிழையை நாமே சேர்த்துவிட்டோம். ஆனால் மழுங்கிய விடையில் கணினி செய்யும் பிழை குறைவு. அது பெட்டி அகலத்தை மழுக்கிய அகலத்தால் வகுத்த அளவு. அதிகம் மழுக்கினால் முதல் பிழை கூடும், குறைவாக மழுக்கினால் இரண்டாவது கூடும். இரண்டும் சமமாகும் இடம் எது? மழுக்கிய அகலம், பெட்டி அகலத்தின் வர்க்கமூலமாக இருக்கும்போது. பெட்டி 0.01 என்றால் 0.1 மழுக்க வேண்டும். இரண்டு பிழையும் 0.1. காசு சுண்டி நாம் கண்ட அதே வர்க்கமூலம் முற்றிலும் வேறு வழியில் வந்து நிற்கிறது!

முழு உறுதிமொழி இப்படி இருக்கும்: பரப்புப் பிழை, ஆரம்பத்தில் இருந்த பிழையோடு ஒரு மாறிலி, ஆரம்ப நிலையின் மொத்த ஏற்றத்தாழ்வு, நேரத்தையும் பெட்டி அகலத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலம் ஆகியவற்றின் பெருக்கலைக் கூட்டினால் வருவதைவிட மிகாது. மொத்த ஏற்றத்தாழ்வு என்பது மேடு பள்ளமான ரோட்டில் போகும்போது ஏறினதையும் இறங்கினதையும் எல்லாம் கூட்டினால் வருவது. இதில் சரியான விடை எங்கேயும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடங்கும் முன்பே நமக்குத் தெரிந்தவை மட்டும்தான் இருக்கின்றன. புதிதாக மேடு பள்ளங்களை உண்டாக்காத, படியொழுக்கமான முறைகளுக்கு இது பொருந்தும். பொதுவாக இதைவிட நல்ல வேகம் கேட்க முடியாது என்று 1995ல் டாங், டெங் இருவரும் காட்டினார்கள்.

"இன்னும் கெட்டிக்கார முறைகள் இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கோடுநோவ் 1959லேயே ஒரு வரம்பு காட்டிவிட்டார்: புதிய மேடு பள்ளத்தை உண்டாக்காத நேரியல் முறை முதல் படித் துல்லியத்தை, அதாவது பெட்டி பாதியானால் பிழையும் பாதி என்ற வேகத்தை, தாண்டாது. தாண்டப் பார்த்தால் எல்லைக்கு அருகே விடை துள்ளும், கலங்கல் நூற்றுக்கு நூற்றிப்பத்து என்று வரும். எல்லைக்குப் பக்கத்தில் அடங்கி நடந்து, மற்ற இடத்தில் துல்லியமாகப் போகும் நேரியல் அல்லாத முறைகளைத்தான் இன்று பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

கடலுக்கு வந்தால்

இதுவரை ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஓர் அளவைத்தான் கணக்கிட்டோம். கடல் அலைக்கு அது போதாது. நீரின் உயரம், நீரின் உந்தம் இரண்டும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே அலை அடித்துக்கொண்டு போனது. ஆழம் குறைந்த நீருக்கான சமன்பாடுகள் அந்த அலையின் வேகத்தைச் சொல்கின்றன: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர். கரையோரம் 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 36. முன்னால் போனது தயங்க, பின்னால் வருவது நெருங்கி ஏறுகிறது. ரயில்வே கேட்டில் பார்த்த அதே நெருக்கம்தான், தண்ணீர்ச் சுவராக.

இங்கே கணிதத்தின் உறுதி மெலிந்துவிடுகிறது. குருஷ்கோவின் அந்த அருமையான குணம் பல அளவுகள் பின்னிய சமன்பாடுகளுக்கு அப்படியே கிடைக்காது. ஒரு பரிமாணத்தில், ஏற்றத்தாழ்வு சிறிதாக இருந்தால் விடை உண்டு என்று கிளிம் 1965ல் காட்டினார். அவருடைய முறையின் ஒரு வடிவத்துக்கு பிரெஸ்ஸான், மார்சன் இருவரும் 1998ல் ஏறக்குறைய வர்க்கமூல அளவிலேயே பிழை வரம்பு தந்தார்கள். இரண்டு, மூன்று பரிமாணங்களில் நிலைமை இன்னும் சிக்கல். வாயு ஓட்டச் சமன்பாடுகளில், சில ஆரம்ப நிலைகளுக்கு என்ட்ரோபி நிபந்தனையை நிறைவேற்றும் விடைகளே எண்ணற்றவை உண்டு என்று டி லெல்லிஸ், செகெயிஹிடி இருவரும் காட்டினார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட சமன்பாடுகளை நம்பித்தான் வேலை நடக்கிறது. அந்தக் கணக்குகளைச் சரிபார்ப்பது தேற்றங்கள் இல்லை. கடலில் மிதக்கும் கருவிகளும் கரையோர அளவிகளும் தரும் அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

நீங்களே ஒரு கணக்கை எழுதி ஓட்டுகிறீர்கள் என்றால், குறைந்தது இதைச் செய்யுங்கள். ஒரே கணக்கை 20, 10, 5 மீட்டர் பெட்டிகளில் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் இரண்டு விடைகளுக்கு இடையே பரப்பு வித்தியாசம், அடுத்த இரண்டுக்கு இடையே பரப்பு வித்தியாசம், இரண்டையும் எடுத்து முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். 2க்கு அருகே வந்தால் பிழை பெட்டியோடு நேராகக் குறைகிறது. 1.4க்கு அருகே வந்தால் உங்கள் கணக்கில் ஒரு கலங்கல் எல்லை மிதந்துகொண்டிருக்கிறது, வர்க்கமூல வேகம்தான் கிடைக்கும். 1க்கு அருகே வந்தால் விடை எங்கேயும் போய்ச் சேரவில்லை. வித்தியாசமே இல்லை, எல்லாம் பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கேட் திறந்த பிறகும் வண்டிகள் அப்படியே நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.